நான்காவது தேசிக்காய்

தர்ஷினிக்கும் கெவினுக்கும்,

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. பட்டறைச் சுவரில் தொங்கும் கருவிப் பலகை, அதன் வலது மூலையில் நான்கு பச்சை வட்டங்கள். "அங்கிள், இதற்குள் எந்தக் கருவியும் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் வைத்துப் பார்த்துவிட்டோம். கேட்டால் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை, சிரிக்கிறார்கள்" என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பார்கள்தான். அவர்கள் சிரிக்கிறது என்னை நினைத்து.

நான் தமிழில் எழுதுகிறேன். கெவின், உனக்குச் சிரமம் என்றால் பியர்ஃபித்துக்குப் போய் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அம்மாவும் கொஞ்சம் சிரிக்கட்டும். லா ஷப்பலில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவில், தேநீர்க் கடை யன்னலோரம் இருந்து எழுதுகிறேன். தலைக்கு மேலே மெத்ரோ போகிறபோது மேசை ஆடும், எழுத்துக் கோணலாக வந்தால் அதுதான் காரணம்.

இருபத்தாறு வருடம் அந்தச் சின்ன விமானத் திடலில் வேலை செய்தேன். ஒருநாளும் விமானம் ஓட்டியதில்லை. ஓட்டிவிட்டு இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் விமானங்களைப் படித்தேன். இரட்டைச் சிறகு விமானத்திலிருந்து இறங்குகிறவர்களின் முகம் தனி. ஒரு பக்கம் சிரிப்பு, மறு பக்கம் பயம் இன்னும் போகவில்லை.

அப்படி ஒரு விமானத்தை முசியே அந்துவான் தன் கையாலேயே கட்டினார். அவர் பாண்டிச்சேரித் தமிழர், நகரசபை அலுவலகத்தில் வேலை செய்தவர். ஆர்ஜொந்தெயில் வீட்டோடு இருந்த கார்க் கொட்டகைக்குள் பதினொரு வருடம். அமெரிக்காவில் யாரோ எப்போதோ வரைந்த வரைபடம், அதைத் தபாலில் வரவழைத்து, குழாயை வெட்டி, ஒட்டி, மரக்கட்டையில் சிறகு செதுக்கி, துணி போர்த்தி, சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்து முடித்தார். ஒரே ஓர் ஆள்தான் ஏறலாம். கார் நிறுத்த இடமில்லாமல் பதினொரு வருடமும் அவருடைய மனைவி பிலோமினா அக்கா கடைச் சாமான்களைத் தெருக்கோடியிலிருந்து சுமந்து வந்தார். அதைச் சொல்லிக் காட்டுகிற பெண்ணில்லை அவர்.

அந்துவானும் நானும் தமிழில்தான் பேசுவோம். பேசுவோம் என்றால், பாதி. ஆமாம் என்பதற்கு நான் "ஓம்" என்று சொல்லும்போதெல்லாம் அவர், "என்னங்க, பூசை பண்றீங்களா?" என்று கேட்பார். அவர் பேசுகிற, இங்கிலீஷ் இல்லாத, பிரெஞ்சு கலந்த தமிழுக்கு நான் சிரிப்பேன். இரண்டு பேருக்கும் விளங்காத சொல் வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுவோம். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் வருகிறது.

இந்த வகை விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் அன்றைக்குப் பயந்தேன் என்று உங்களுக்கு விளங்காது. தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் ஒரு சின்னச் சக்கரத்தில் இருக்கும். ஓட்டுகிறவருக்கு முன்னால் ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து, இந்தப் பக்கம் ஒருதரம் அந்தப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்துத்தான் ஓடுபாதைக்குப் போக வேண்டும். உடம்பு கட்டை. அதனால் வாலைத் திருப்புகிற மிதியில் கால் ஒரு நொடி தூங்கினால் வால் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். அந்துவான் முதல் தடவை தரையில் ஓட்டிப் பார்த்தபோது புல்லுக்குள் ஒரு முழு வட்டம் போட்டுவிட்டு, எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார்.

மேலே போனால் அது வேறு பிராணி. மற்ற விமானங்களில் பிடியை ஒரு சாண் அசைத்தால்தான் மூக்கு அசையும். இதில் இரண்டு விரல் அகலம் போதும். திரும்ப வேண்டும் என்று நினைத்து முடிக்குமுன் திரும்பியிருக்கும் என்பார்கள். குட்டிக்கரணம் போடவே கட்டின விமானம் அல்லவா. இயந்திரத்தைக் குறைத்தால் மிதக்காது, இரண்டு சிறகும் அவற்றுக்கிடையே உள்ள கம்பிகளும் காற்றைப் பிடித்து இழுக்க, செங்கல் போலக் கீழே வரும். ஆனால் நேர்மையான விமானம். விழப்போகிறேன் என்றால் முன்கூட்டியே உதறிச் சொல்லும். சுழலத் தொடங்கினாலும் நிறுத்து என்றால் நிற்கும். ஒளித்து வைத்து ஒன்றும் செய்யாது.

ஒளித்து வைத்தது நான்தான்.

எங்கள் பட்டறைத் தலைவியை நீங்கள் அறிய மாட்டீர்கள், நீங்கள் சேருமுன்பே ஓய்வு பெற்றுவிட்டார். நாங்கள் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கறாரான பெண். அந்தப் பலகை அவர் செய்தது. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தைக் கறுப்புச் சாயத்தால் பலகையில் வரைந்திருந்தார். ஸ்பானர் எடுத்தால் ஸ்பானர் வடிவத்தில் ஒரு வெறுமை தெரியும். பலகையில் ஒரு வெறுமை இருந்தாலும் விமானம் வெளியே போகாது. விமானத்துக்குள் மறந்துபோய் விடுகிற ஒரு சின்ன ஆணிக்குக்கூட ஆளைக் கொல்லத் தெரியும் என்று முதல் நாளே என்னிடம் சொன்னவர் அவர்.

முதல் பறப்புக்கு முதல் நாள் நான் லா ஷப்பலுக்கு வந்து தேசிக்காய் வாங்கினேன். சர்பத்துக்குப் பிழிகிற அதே பச்சைக் காய்தான். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்குக் கீழே வைத்து நசித்து ஓட்டுகிறது உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பாமாரும் செய்திருப்பார்கள். கடைக்காரர் கேட்டார்:

"என்ன அண்ணை, புதுக் காரோ?"

விமானம் என்று சொன்னால் அரை மணித்தியாலம் கதை கேட்பார். எனக்கு நேரமில்லை.

"ஓம்" என்றேன்.

"எண்டா நாலு" என்று எண்ணிப் பையில் போட்டார்.

விமானத்துக்கு மூன்று சக்கரம். அந்த நேரம் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு ஒருவரும் வருமுன் திடலுக்குப் போனேன். விமானக் கொட்டகைக் கதவைத் திறந்தேன். சின்ன விமானம், ஒரு ஆள் தள்ளினால் நகரும். முன்சக்கரம் இரண்டுக்கும் வால் சக்கரத்துக்கும் ஒவ்வொரு காய் வைத்து வெளியே புல்லுக்குத் தள்ளினேன். மூன்றும் நசிந்தன. ஆறுதலாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். கையில் ஒரு காய் மிச்சம். அதைக் கீழ்ச் சிறகின் மேல், ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்தில், வைத்தேன். அதற்குள் மதாம் வந்து, கடதாசிகளில் கையெழுத்து வைக்க உள்ளே கூப்பிட்டார். போனேன். வரும்போது அந்துவானும் பிலோமினா அக்காவும் வந்திருந்தார்கள். கருவிகளை எண்ணினோம், பலகை நிறைந்திருந்தது. மதாம் தலையசைத்தார். அந்துவான் ஏறி இருந்தார். தேசிக்காய்க்குப் பலகையில் இடமில்லை, அதனால் அதை ஒருவரும் எண்ணவில்லை.

அவருக்கு அன்றைக்கே பறக்க வேண்டும். மதியத்துக்கு மேல் பக்கக் காற்று எழும் என்று மெத்தேயோ, வானிலை அறிக்கை, சொல்லியிருந்தது. அந்த விமானத்துக்குப் பக்கக் காற்று ஆகாது. அதைவிட, அடுத்த மாதம் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. ஒரு காது மந்தமாகிக்கொண்டு வந்தது. டாக்டர் மாட்டேன் என்று சொல்லிவிட்டால், கட்டினவர் ஒருதரமும் ஏறாத விமானமாகவே அது போய்விடும். பிலோமினா அக்கா கையில் செபமாலையோடு நின்றார்.

இயந்திரம் பிடித்தது. அந்துவான் வளைந்து வளைந்து ஓடுபாதையின் கோடிக்குப் போனார். நான் ஒருவரும் பார்க்காதபடி, நசிந்த காய்களைப் புல்லிலிருந்து பொறுக்கக் குனிந்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நிமிர்ந்தேன். நாலாவது எங்கே?

சட்டைப் பையில் இல்லை. கையுறைக்குள் இல்லை. சிறகின் மேல் வைத்தது ஞாபகம் வந்தது. சிறகில் மிதித்து ஏறுகிறவரின் கால் தட்டினால் அது துள்ளி இருக்கைக்குள் விழலாம். இருக்கைக்குப் பின்னால் மறைப்பு இல்லை, வால் வரைக்கும் வெறும் பொந்து. மூக்கைத் தூக்கி ஏறும்போது உள்ளே கிடக்கிற எதுவும் உருண்டு வாலுக்குப் போகும். அந்த ஒடுக்கத்தில்தான் வால் தட்டை அசைக்கிற கம்பியும் அதன் முட்டியும் இருக்கின்றன. இரண்டு விரல் அகலத்தில் உயிர் இருக்கிற விமானம். அதில் ஒரு தேசிக்காய் இறுகினால் ஒரு விரல் அகலம்கூட மிஞ்சாது.

இது எல்லாம் எனக்கு ஒரு நொடியில் தெரிந்தது. ஆனாலும் நான் அசையாமல் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது, ஒரு நிமிடம் இருக்கும். பிள்ளைகளே, இந்தக் கடிதத்தை அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் எழுதுகிறேன். முதலில் நினைத்தேன், அது உருண்டு புல்லுக்குள் போயிருக்கும். பிறகு நினைத்தேன், உள்ளே இருந்தாலும் மெத்தென்ற காய்தானே, நசிந்துபோகும். மூன்றாவதாக வந்ததுதான் உண்மையான காரணம். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வேலை செய்கிற இந்தப் பிரெஞ்சுப் பெண்ணிடம் போய், சக்கரத்துக்குக் கீழே பழம் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு இவர்கள் எங்களைப் பற்றி என்ன கதைப்பார்கள்? வெட்கம். ஓர் ஆளின் உயிரையும் என் வெட்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

கோடியில் இயந்திரத்தின் சத்தம் கூடியது. பறக்குமுன் கடைசியாகச் சோதிக்கிற சத்தம். கால் தானாக ஓடியது.

மதாம் கையில் ரேடியோவோடு நின்றார். "நிறுத்தச் சொல்லுங்கள்" என்றேன் பிரெஞ்சில். "ஏன்?" என்று கேட்கவில்லை அவர். ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோய், "அந்துவான், இயந்திரத்தை நிறுத்து" என்றார். சத்தம் அடங்கிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். சொல்லி முடித்ததும் இரண்டு கேள்வி கேட்டார்.

"எத்தனை?"

"நாலு."

"சக்கரம்?"

"மூன்று."

தலையை ஆட்டினார். "திறவுங்கள்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

விமானத்தைத் தள்ளிக் கொண்டுவந்து, வாலின் பக்கத் தகடுகளைக் கழற்றினோம். இருக்கையைத் தூக்கினோம். கைவிளக்கையும் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்தோம். விஷயத்தை மதாம் பிரெஞ்சில் சொன்னபோது அந்துவான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"பதினோரு வருஷங்க" என்றார். "ஒவ்வொரு திருகும் எண்ணி எண்ணி வெச்சேன். நீங்க போய் இதுக்குள்ள பழத்த வெக்கிறீங்க."

"உள்ளுக்கை வைக்கேல்லை. மேலைதான் வைச்சனான்."

"அப்ப எங்க அது?"

அது தெரிந்திருந்தால் நான் ஏன் ஓடுகிறேன்? அதற்குப் பிறகு தகட்டைக் கழற்றித் தருவார், முகத்தைப் பார்க்க மாட்டார்.

பிலோமினா அக்கா கணவனின் கோபத்துக்குப் பயந்து தூரத்தில், மணைக்கட்டை போன்ற ஒரு சின்னப் பெஞ்சில் இருந்தார். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அக்கா, அந்தச் சிறகுக்கு மேலை ஒரு தேசிக்காய் கிடந்தது, கண்டனீங்களோ?"

"தேசிக்காவா?" என்று முழித்தார். "இல்லீங்களே. நான் எந்த சாமானையும் தொடலைங்க. தொட்டா அவரு திட்டுவாரு."

திரும்பி வந்தேன். புல்லில் பட்டறை ஆட்கள் நான்கு பேர் வரிசையாக நடந்து தேடினார்கள். வாலின் ஒடுக்கத்துக்குள் மதாம் தானே கையை விட்டுத் தடவினார், முழங்கை உரசிச் சிவந்தது. ஒன்றுமில்லை. பதினொரு மணியானது, பன்னிரண்டானது. கம்பத்தில் காற்றின் திசை காட்டுகிற காற்றுப்பை மெல்லப் பக்கவாட்டில் எழுந்தது. அந்துவான் அதைப் பார்த்துவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தார். எறிந்திருந்தால்கூட நல்லது. மெதுவாக வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது பிலோமினா அக்கா ஒரு பெரிய பிளாஸ்க்கும் கடதாசிக் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டு வந்தார். வெயிலில் நின்றவர்களுக்கு எல்லாம் ஊற்றிக் கொடுத்தார். குளிர்ச்சியாக, சீனியும் உப்பும் போட்ட சாறு. எல்லோரும் ஒரு மடக்கில் குடித்தோம்.

"கொஞ்சம் புளிப்பு தூக்கலா இருக்கும்" என்றார் அக்கா, என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல. "நான் மூணுதான் கொண்டாந்தேன். காலையில அந்த ரெக்க மேல ஒரு எலுமிச்சம்பழம் கெடந்துச்சா, யாரோ சாப்பாட்டுப் பையிலேர்ந்து விழுந்துடுச்சின்னு எடுத்து அதையும் சேத்துப் புழிஞ்சிட்டேன்."

அந்துவான் கிண்ணத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"அக்கா" என்றேன், "நான் உங்களிட்டைக் கேட்டனான் எல்லோ?"

"நீங்க எங்க எலுமிச்சம்பழம்னு கேட்டீங்க? தேசிக்கா, தேசிக்கான்னு என்னமோ கேட்டீங்க. ஏதோ மெஷின் சாமான்னு நெனச்சேன்."

லா ஷப்பலில் இருபத்தைந்து வருடம் தேசிக்காய் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பாண்டிச்சேரியில் வேறு பேர் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பதற்றத்தில் அம்மா சொல்லித்தந்த சொல்தான் வாயில் வந்தது. பிரெஞ்சில் கேட்டிருந்தால் ஒன்பது மணிக்கே முடிந்திருக்கும்.

தமிழ் தெரியாத மதாம் எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன?" என்று கேட்டார். சொல்ல வேண்டியது என் பொறுப்பு. "மதாம், நாலாவது காயை நீங்கள் இப்போது குடித்தீர்கள்."

அவர் கிண்ணத்துக்குள் பார்த்தார். அடியில் ஒரு விதை கிடந்தது. மிச்சத்தையும் குடித்தார்.

"அப்படியென்றால் எண்ணிக்கை சரி" என்றார். "மூடுங்கள்."

முதலில் சிரித்தது அந்துவான்தான். சிரித்துச் சிரித்துப் புல்லில் இருந்துவிட்டார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பழம் உள்ள இல்லைன்னு இப்பத்தான் தெரியும்" என்றார். "காலையில தெரியாது இல்ல? நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஏறிப் போயிருப்பேன். நல்ல வேளை, பழம் இல்ல. இருந்திருந்தா?"

முதல் தகட்டை எடுத்து, இந்த முறை என் முகத்தைப் பார்த்தபடியே, என் கையில் தந்தார்.

தகடுகளை மூடினோம். கருவிகளை எண்ணினோம். பிறகு காத்திருந்தோம். ஆறரை மணிக்குக் காற்றுப்பை மெல்லத் தொங்கியது. கோடை காலம், வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. மதாம் அந்துவானைப் பார்த்தார், அந்துவான் மனைவியைப் பார்த்தார். அக்கா, "போய்ட்டு வாங்க" என்றார்.

ஓடுபாதையில் நூறடி போகுமுன் வால் தூக்கியது, அடுத்த மூச்சில் தரையை விட்டது. இரண்டு தடவை மூக்கு மேலும் கீழும் ஆடியது. கை இன்னும் இரண்டு விரல் அகலத்துக்குப் பழகவில்லை. பிறகு பழகிவிட்டது. திடலைச் சுற்றி இருபது நிமிடம் பறந்தார். இயந்திரத்தைக் குறைத்தபோது, நான் சொன்னேனே, செங்கல் போல வந்தது. முன்னால் தெரியவேண்டும் என்று கடைசிவரை ஒரு பக்கமாகச் சரித்துக் கொண்டுவந்து, தரைக்கு மேலே நேராக்கினார். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டன. வால் ஒருதரம் இடது பக்கம் போகப் பார்த்தது. அவருடைய கால் தூங்கவில்லை. பிடித்துவிட்டார்.

இறங்கியவரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் சிரிப்பு, மறு பக்கமும் சிரிப்பு. அடுத்த மாதம் டாக்டர் காதைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அதற்குப் பிறகு ஆறு கோடைகாலம் ஓட்டினார். கார்க் கொட்டகையில் இப்போது கார் நிற்கிறது.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. மதாம் என்னைக் கூப்பிட்டு, இனி இந்தச் சடங்கெல்லாம் வேண்டாம் என்பார், அல்லது இன்னும் மோசமாக ஏதாவது சொல்வார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் பலகைக்கு முன்னால் நின்று தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். வலது மூலையில் நான்கு பச்சை வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் முனையில் ஒரு சின்னக் கூர். சாயம் காயவில்லை.

"மதாம், மூன்று போதும்" என்றேன்.

"உன் கடைக்காரர் நாலுதானே தருவார்" என்றார்.

இதுதான் நீங்கள் கேட்ட கருவி. அதற்குப் பிறகு பட்டறையை விட்டுப் போன ஒவ்வொரு புது விமானத்துக்கும் நான் ஒளியாமல் தேசிக்காய் வைத்தேன். மூன்று சக்கரத்துக்கு மூன்று, நாலாவது பலகையில். மதாம் முன்னால் நின்று எண்ணுவார்.

நீங்கள் இருவரும் கையெழுத்து வைத்த முதல் விமானம் வருகிற வியாழன் வெளியே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு விளங்காத ஒரு சத்தம் கேட்டாலும், ஒரு திருகு குறைகிறது என்று சந்தேகம் வந்தாலும், எவ்வளவு வெட்கமான விஷயமாக இருந்தாலும், அங்கே ஓர் ஆளிடம் ரேடியோ இருக்கும். ஓடுங்கள். பிறகு உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நான் சாறு ஊற்றித் தருகிறேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வருகிறேன். இப்போது எழுந்து கடைக்குத்தான் போகிறேன். புதுக் காரோ என்று கேட்பார். இந்த முறை நேரமிருக்கிறது, விமானம் என்று சொல்லப் போகிறேன்.